ஐந்துக்குப் பூஜ்யம்

"ஐஞ்சுக்கு ஸீரோ! போதுமா?"

பரமேஸ்வரன் பேனாவை அழுத்திய வேகத்தில் தாளே கிழிந்தது. மேரு என்ற ஊரில் இருந்த அந்தத் தொழிற்சாலையில், எச்.ஆர். பிரிவுக்கு மேனேஜர்கள் வருடம் ஒருமுறை மதிப்பெண் போட வேண்டும்.

எதிரே நின்ற எச்.ஆர். அதிகாரி கேத்தரின், "ஃபாரத்தை மெயில்ல அனுப்புனேன் சார், பதிலே இல்ல. அதான் கையில கொண்டாந்தேன்" என்றாள்.

"உங்க மெயிலா? பர்த்டே கேக், பேட்மின்டன். எல்லாம் சம்பா லா!" குப்பை என்பதை மலாயில் சொன்னார். "பக்கிரிசாமி அண்ணனைக் கொன்னதே உங்க டிபார்ட்மென்ட்தான்!"

பக்கிரிசாமி சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவர். சர்க்கரையால் கண் மங்கிக்கொண்டே வந்தது. ஸ்டோருக்கு மாற்றச் சொல்லி எச்.ஆரில் எழுதிக் கொடுத்துவிட்டு, தினமும் காலையில் பரமேஸ்வரனின் இந்த அறைக் கதவோரம் வந்து நிற்பார்.

"பாஸ், லெட்டர் வந்துச்சா?"

"அங்க எல்லாரும் தூங்குறாங்க லா அண்ணே. இன்னிக்கு மட்டும் ஓட்டுங்க." பரமேஸ்வரனும் தினமும் இதையேதான் சொல்வார்.

போன மாதம் பதினேழாம் தேதி, சரக்கு ஏற்றும் மேடையின் விளிம்பு தெரியாமல் பக்கிரிசாமி வண்டியோடு விழுந்து செத்தார்.

அன்றிலிருந்து அந்தக் குரல் பரமேஸ்வரனை விடவில்லை. காலையில் கதவோரம் கேட்கும். நிமிர்ந்தால் ஆள் இருக்காது. எச்.ஆரை நாலு திட்டு திட்டினால்தான் கொஞ்சம் அடங்கும்.

"ஒரு லெட்டர் அனுப்ப உங்களுக்கு எத்தனை நாள் வேணும்?"

"போன மாசம் ரெண்டாந்தேதியே உங்களுக்கு அனுப்பிட்டோமே சார்" என்றாள் கேத்தரின்.

"பொய்! நீயே பாரு!"

கணினியை அவள் பக்கம் திருப்பப் போனவருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. எச்.ஆர். தொல்லை தாங்காமல், அவர்கள் அனுப்புவதெல்லாம் தானாகவே ஒரு ஃபோல்டருக்குள் போய் விழும்படி போன வருடம் செய்து வைத்தது அவரேதான். அதற்குச் 'சம்பா' என்று பெயரும் வைத்திருந்தார். இதுவரை ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

இப்போது திறந்தார். பிறந்தநாள் கேக்குக்கும் பேட்மின்டனுக்கும் நடுவே இருந்தது: 'பக்கிரிசாமி, ஸ்டோருக்கு மாற்றம். நாளை முதல் வண்டி ஓட்டக் கூடாது.'

கதவோரம் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். கேத்தரினுக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

"பாஸ், லெட்டர் வந்துச்சா?"