அவளுக்கென்று எடுத்து வைத்தது

கொல்லையில் வெட்டிய குழிக்குள் மீனவன் கூடையைக் கவிழ்க்கிறான். செத்தது பாதி, செவுள் துடிப்பது பாதி. ஆலை ஆற்றில் விடும் பாதரசம் மீனில் சேர்கிறது, மீன் பெரிதாகப் பெரிதாக விஷமும் கூடும் என்று நேற்றுத்தான் டாக்டர் சொன்னார். கைக்கு அது இன்னும் உறைக்கவில்லை. இருப்பதிலேயே பெரிய மீனைத் தனியாக எடுத்துக் கல்லின்மேல் வைக்கிறது. மனைவி மாசமாக இருந்த நாளெல்லாம் அப்படித்தான். பொடிமீன் சந்தைக்கு, பெரியது அவளுக்கு. பொண்டாட்டிதாசன் என்று கூட்டாளிகள் கேலி செய்தால் அவனுக்குப் பெருமை பிடிபடாது. பின்வாசல் படியில் அவள் மகளுக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். ஐந்து வயதாகியும் மகளுக்குக் கழுத்து நிற்கவில்லை. தலையை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, கடைவாயில் வழிவதைப் புறங்கையால் வழித்துவிடுகிறாள். கல்லின்மேல் ஈரச் செதில்களில் வெயில் பளபளக்கிறது. அவன் மீனைப் பார்க்கிறான், பிறகு மகளை.

"என் கையாலதானே குடுத்தேன்," என்கிறான்.

அவள் நிமிரவில்லை. அடுத்த கரண்டியை ஊதி ஆற்றுகிறாள்.

"நீங்க ஒரு துண்டுகூட எடுத்துக்கல," என்கிறாள். "அவ்ளோ ருசியா இருந்துச்சு."