சிவக்கும் பலகை

தவமணியின் வீட்டுக்கு மேலே, சரிவில் கருத்தபாண்டி கேரட் பிடுங்கப் பிடுங்க, அவள் வாசலிலிருந்த மண்சரிவு எச்சரிக்கைப் பலகை மஞ்சளிலிருந்து சிவப்பாகிக்கொண்டே வந்தது. மண்ணைப் பிடித்திருந்த செடிகள் போவதைச் செயற்கைக்கோள் பார்த்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் மழை என்றும் பலகை சொன்னது. அவள் மேலே பார்த்துக் கத்தினாள்.

“யண்ணே, நிறுத்துங்கண்ணே! பச்சப்புள்ள இருக்கிற வீடு!”

“மழையில அழுகிப்போகும் தாயி. இன்னும் நாலு பாத்திதான்,” என்றார் கருத்தபாண்டி, நிமிராமலே.

பிள்ளையை முதுகோடு சேலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு தவமணி வெளியே ஓடிவந்தாள். வீட்டுக்குக் கீழே அவளுடைய பாத்திகளிலும் கேரட் மிச்சமிருந்தது. அழுகவிட முடியுமா? அவசர அவசரமாகப் பிடுங்கினாள்.

அதற்கும் கீழே, சிட்டுவின் வீட்டிலிருந்து அலறல் கேட்டது.

“யக்கா, நிறுத்துக்கா! இங்க செவந்துருச்சு!”

தவமணி நிமிரவில்லை.