தும்மலும் விசிலும்

"யாரைக் கேட்டு அப்டேட் பண்ணீங்க?"

"சத்தியமா நான் தொடலம்மா. சார்ஜ்ல போட்டுட்டுப் படுத்தேன். அதுவே பண்ணிக்கிட்டு, முந்தாநாள் காலையில 'புதுப் பொலிவுடன்'னு பல்லைக் காட்டுச்சு."

பொலிவு இருந்தது. பாட்டுதான் இல்லை.

பாப்பாவைத் தூங்க வைக்கும் ஆப்பில் கணவன் பாடிப் பதிவு செய்த தாலாட்டு அது. நடுவில் அவன் தும்மியதும், அடுப்படியில் குக்கர் விசில் அடித்ததும் சேர்ந்தே பதிவாகியிருந்தன. அந்த விசிலில்தான் பாப்பாவுக்குக் கண் சொக்கும். அது காணாமல் போய், இரண்டு நாளாகப் பகல் தூக்கமே இல்லை.

மூன்று மணிக்கு அவளுக்கு வீடியோவில் இன்டர்வியூ. பிள்ளை பெற்ற பிறகு வந்த முதல் அழைப்பு. இன்னும் அரை மணி நேரம்தான்.

கணவன் போனை அணைத்துப் போட்டான். ஆப்பை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினான். கடைசியில் உதவி எண்ணுக்குப் பேசினான்.

"என்ன சொல்றாங்க?"

"ஆப்பை எடுக்காம இருந்தா பாட்டை மீட்டிருக்கலாமாம்."

"நல்லா இருக்கு! சாஃப்ட்வேர் கம்பெனியிலதானே வேலை பாக்குறீங்க?"

"அங்கே நான் அப்டேட்டை அனுப்புற ஆளு. வாங்கிக் கட்டிக்கிட்டுப் பழக்கமில்ல."

"அப்போ நேர்லயே பாடுங்க. நான் குக்கரை ஏத்துறேன்."

வெறும் தண்ணீரோடு குக்கர் அடுப்பில் ஏறியது. அவன் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாடினான். பாப்பா அவனைவிட உச்சத்தில் எடுத்தது.

கதவு தடதடத்தது.

"போச்சு! மாடிவீட்டு மாமா."

ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். தாலாட்டுச் சத்தம் தாங்கவில்லை என்று வீட்டு ஓனரிடம் நடையாய் நடந்தவர். 'ஈரமே இல்லாத மனுஷன்' என்று அவளும் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

பயந்துகொண்டே கதவைத் திறந்தாள்.

"என்னம்மா பாடுறான் உன் புருஷன்? தும்மல் எங்கே?"

"மாமா?"

"ரெண்டாவது ஆராரோவுக்கு ஒரு தும்மல். அப்புறம்தான் விசில். எல்லாம் முன்ன பின்ன வருதே!"

அவர் தன் போனை எடுத்து அழுத்தினார். ஆராரோ. தும்மல். விசில். அச்சு அசல் அதே பாட்டு!

தொட்டிலில் அழுகை நின்றது.

"இது எப்படி மாமா உங்ககிட்ட?"

"எல்லாம் சாட்சிக்குத்தான். ஓனர்கிட்ட போட்டுக் காட்டணும்னு மாடியிலிருந்தே பதிவு பண்ணேன்."

அடுத்த விசிலுக்குள் பாப்பா தூங்கியேவிட்டது. லேப்டாப்பை எடுக்க ஓடியவள், நின்று கிசுகிசுத்தாள். "எங்களுக்கு அனுப்பிட்டு, உங்ககிட்ட இருக்கிறதை அழிச்சிடுங்க மாமா. இனிமே சத்தத்தைக் குறைச்சே வெக்கிறோம்."

"அழிக்கிறதா?" அவர் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "கீழே பாட்டு நின்னதிலிருந்து, இதைப் போட்டுத்தானேம்மா நானும் தூங்குறேன்!"