மூடாத இலை

அளவில்லாச் சாப்பாடு நூற்றிருபது ரூபாய், பகிர்ந்து சாப்பிடக் கூடாது என்று ஓட்டல் சுவரில் எழுதியிருந்தது. ஒரே டோக்கனோடு வந்த தம்பதியில் மனைவிதான் உட்கார்ந்தார். அவர் மோர்வரை சாப்பிட்டு முடிக்கும்வரை கணவர் பையைப் பிடித்தபடி நின்றார். பிறகு மனைவி இலையை மூடாமல் எழுந்தார். அதே எச்சில் இலையின் முன், அத்தனை பேர் பார்க்க, கணவர் உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்து எந்தப் புருஷனும் செய்யாத காரியம்.

“ஏல தவசி, அங்க ஆளு மாறிட்டாரு பாரு!” என்று கல்லாவிலிருந்து முதலாளி கத்தினார்.

பரிமாறும் தவசிக்கனி நிமிரவே இல்லை. “இல இன்னும் மூடல மொதலாளி. அதுக்குள்ள சாப்பாடு எப்படி முடியும்?” என்றபடி சோற்றைக் குவித்தார்.

வாசலில் ஒருவர் விலையைப் படித்துவிட்டுத் தயங்கி நின்றார். மூடப்போன என் இலையை அப்படியே விட்டு எழுந்தேன்.