கூட வந்தவர்

"இதுல ஹார்மோன் எதுவும் கிடையாதே சிஸ்டர்?"

கேட்டவன் கணவன். மனைவி பக்கத்து நாற்காலியில், கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக உட்கார்ந்திருந்தாள்.

"கிடையாது. காப்பர்-டியில செம்பு மட்டும்தான்" என்றாள் நர்ஸ்.

"அதான் எங்களுக்கு வேணும். கருத்தடை மாத்திரை போட்டு மூணு மாசம் தலைவலியில துடிச்சுப் போயிட்டா. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே இவ உடம்புக்குள்ள எந்த மருந்தும் போகக்கூடாதுன்னு."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். அந்த அறையில் அவளுக்கு இது பத்தொன்பதாவது வருஷம். பெண்கள் பெரும்பாலும் தனியாகத்தான் வருவார்கள். புருஷன் வந்தாலும் வராந்தாவில் போனை நோண்டிக்கொண்டு நிற்பான். இப்படி உள்ளே வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்கிற ஆளை அவள் பார்த்ததே இல்லை.

"மாதவிலக்கு அதிகமாப் போகுமாமே?"

"முதல் சில மாசம் போகலாம். வலியும் கொஞ்சம் இருக்கும்."

"அந்த நாள்ல நான் வீட்டுலயிருந்தே வேலை பார்த்துக்கறேன். எடுத்துட்டா உடனே குழந்தை தங்குமா?"

"எடுத்த மாசமே தங்கலாம்."

"நாலு வருஷம் போகட்டும்னு இருக்கோம். சொந்த வீடு, அப்புறம் குழந்தை."

நர்ஸ் படிவத்தை எடுத்தாள். பெயர், வயது, கல்யாணமாகி எத்தனை வருஷம், கடைசியாக மாதவிலக்கான தேதி. அவள் கேட்கக் கேட்க அவன் சொல்லிக்கொண்டே வந்தான். தேதிகூட அவனுக்குத் தெரிந்திருந்தது.

நர்ஸுக்குத் தன் கதை நினைவு வந்தது. தலைப்பிள்ளைக்கு முன்னால் இதே காப்பர்-டி வைத்துக்கொள்ளத் தன்னந்தனியாகப் போனாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே வீடு திரும்பினாள். "இவ்வளவு நேரமா?" என்று மட்டும் அவள் புருஷன் கேட்டார். அதற்குப் பிறகு வீட்டில் யாரிடமும் வலி என்ற வார்த்தையை அவள் சொன்னதில்லை.

"தண்ணி குடிக்கிறியா?" என்று மனைவியைக் கேட்டான் அவன்.

அவள் தலையாட்டி மறுத்தாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் வேறு உம்மென்று இருந்தது.

'கொடுத்து வச்சவ. அருமை தெரியல' என்று நினைத்துக்கொண்டாள் நர்ஸ்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்."

"நான் இருந்தா அவளுக்குத் தைரியமா இருக்கும்."

"இங்க வழக்கம் அப்படி."

"பயப்படாதே, வாசல்லயேதான் நிப்பேன்" என்று மனைவியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

கதவு சாத்தியதும் நர்ஸால் அடக்க முடியவில்லை.

"ஏம்மா, தப்பா நினைச்சுக்காதே. இந்தக் காலத்துல இப்படி ஒருத்தர் யாருக்கு வாய்க்கும்? அவர் இவ்வளவு அக்கறையாக் கேட்கறார், நீ முகத்தைத் தூக்கி வச்சுட்டு உட்கார்ந்திருக்கியே."

"எங்கம்மாவும் இதையேதான் சொல்றாங்க சிஸ்டர்."

"அப்புறம் என்ன? வலிக்குமேன்னு பயமா?"

"வலியெல்லாம் தாங்கிக்குவேன்."

நர்ஸ் கையுறையை மாட்டினாள். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த படுக்கையைக் காட்டினாள். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை.

"வர்ற மாசம் எனக்கு முப்பத்தி மூணு முடியுது சிஸ்டர். எங்கம்மாவுக்கு முப்பத்தெட்டுலயே எல்லாம் நின்னு போச்சு. எனக்கும் அப்படி ஆயிட்டா?"

நர்ஸ் அவள் பக்கம் திரும்பினாள். "இதை அவர்கிட்ட சொன்னியா?"

"வாயைத் திறந்தாலே, 'உன் உடம்புதான் எனக்கு முக்கியம்'னு அவர் முந்திக்கிறார். அதுக்கு மேல என்ன பேசறது? சண்டை போடறவரா இருந்தா நானும் சண்டை போட்டிருப்பேன். எது ஒத்துக்கும், எது ஒத்துக்காதுன்னு ராப்பகலாப் படிச்சார். குழந்தை இப்ப வேணுமா வேண்டாமான்னு மட்டும் என்னை யாரும் கேக்கல. இப்ப நீங்களும் கேக்கல."

நர்ஸ் படிவத்தைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை நிரம்பியிருந்தது. 'பெண்ணின் சம்மதம்' என்ற இடத்தில்கூடத் தானே டிக் போட்டிருந்தாள். அத்தனையும் அவன் வாயால் வந்த பதில்கள்.

கையுறையைக் கழற்றினாள். படிவத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தப்பு என்மேலதாம்மா. இப்பக் கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?"

அந்தப் பெண் கைப்பையின் வாரை விரலிலிருந்து அவிழ்த்தாள்.

"இந்த வருஷமே பெத்துக்கணும்."

"இதை அவர்கிட்ட சொல்லிடறியா? நான் பக்கத்துலயே இருக்கேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரியென்று தலையாட்டினாள்.

அதற்குள் கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். நர்ஸ் போய்த் திறந்தாள். அவன்தான். முகமெல்லாம் கவலை.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். உள்ள அவ தனியா இருக்காளேன்னு..."

"ஆமா சார், ரொம்ப நாளா தனியாத்தான் இருக்காங்க" என்றாள் நர்ஸ். "உள்ள வாங்க."