பெட்டியின் மேல் எழுத்து

தான் வரைந்த எழுத்துருவை அனுமதி வாங்காமல் பெட்டிகளில் அச்சடித்துவிட்டதாக ஒரு பெரிய பொம்மை கம்பெனிக்கு ஞானசிகாமணி நோட்டீஸ் விட்டிருந்தார். அன்றிலிருந்து கம்பெனி வக்கீல் ரெஜினா சமரசம் பேச அடிக்கடி போன் செய்தாள். எடுத்ததுமே, "சாப்டீங்களா சார்?" என்பாள். அவரிடம் அதைக் கேட்க வேறு ஆளில்லை. அவரும் சளைக்காமல் இழுத்தடித்தார். பெட்டியில் தன் பெயரைப் போடச் சொன்னார், போட்டார்கள். அகரத்தின் சுழி சப்பையாகிவிட்டது என்றார், திருத்தினார்கள்.

இன்று சந்தோஷத்தில் அவள் சாப்பாட்டை விசாரிக்க மறந்துவிட்டாள். "நீங்க கேட்ட எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டாங்க சார். ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. இனிமே உங்கள தொந்தரவே பண்ண மாட்டேன்."

ஆதாரத்துக்காக வாங்கிய பொம்மை, பிரிக்காத பெட்டிக்குள் எதிர் நாற்காலியில் சிரித்துக்கொண்டிருந்தது. அவர் பெட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. இந்த 'ழ' இருக்கு பாருங்க... அதப் பத்தி நாம இன்னும் பேசவே இல்லியே."