ஒரு வீட்டுக்கு ஒரு ஆள்

"இன்னியோட ஒனக்கும் எனக்கும் ஒட்டும் கெடையாது, ஒறவும் கெடையாதுய்யா!"

வெற்றிச்செல்வி போட்ட சத்தத்தில், போர்டு காயப்போடும் களத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மானேஜர் குருமூர்த்தியும் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் புருசன் பூமாலைக்கு அது போதும். அவர் பார்க்கவேண்டும் என்றுதானே இத்தனை கூத்தும்!

பழைய அட்டைப்பெட்டியை ஊறவைத்துக் கூழாக்கி, சிமெண்ட் கலந்து அழுத்தி, சீலிங் போர்டு செய்கிற கம்பெனி அது. இந்தப் பெரம்பலூர் ஷெட்டை மூடிவிட்டு எல்லாவற்றையும் அரியலூர் ஷெட்டோடு சேர்க்கப் போகிறார்களாம். ஆளைக் குறைக்க மேலிடத்தில் ஒரு சட்டமும் போட்டுவிட்டார்கள். இனி ஒரு வீட்டுக்கு ஒரு ஆளுக்குத்தான் வேலை.

கேட்டதும் பூமாலை மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். அவன் பிரஸ் மிஷினில் இருக்கிறான், அவள் களத்தில் இருக்கிறாள். தளம் போடாமல் லிண்டல் மட்டத்தோடு நிற்கிற வீட்டை ஒற்றைச் சம்பளத்தில் எந்த ஜென்மத்தில் கட்டி முடிப்பது?

வழி சொன்னவளே வெற்றிச்செல்விதான்.

"பிரிஞ்சுட்டா நாம ரெண்டு வூடுதானே? ரெண்டு பேருக்கும் வேலை இருக்கும். நான் விக்கிரமங்கலத்துல எங்கம்மா வூட்டுக்குப் போயிடுறேன். புது ஷெட்டுக்கு அங்கேருந்து பஸ்ஸும் இருக்கு."

"அடி சக்கை! என்ன பேசணும்னு ஒரு தடவை சொல்லிப் பாத்துக்குவோமா புள்ளே?"

"எனக்கு வேணாம். எல்லாம் வாயிலயே இருக்கு" என்றாள்.

இருந்ததுதான் போலிருக்கிறது. இன்று காலையில் களத்தில் வைத்து மனுஷி பிளந்து கட்டினாள்.

"ஆபரேசன் பண்ணி ஆஸ்பத்திரியில கெடந்தேனே, எட்டிப் பாத்தியா? செட்டிகுளத்துக்குத் தேர் பாக்கப் போயிட்டே! இத்தனை வருசத்துல சாப்புட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கியா?"

பூமாலைக்குச் சுருக்கென்றது. சொன்னதெல்லாம் நிஜம்தான். ஆனால் கொஞ்சம் நிஜத்தைக் கலந்தால்தானே நாலு பேர் நம்புவார்கள்? கெட்டிக்காரி!

"போடி, நீ இல்லாட்டி எனக்குச் சோறு எறங்காதா?" என்று அவனும் தன் பங்குக்குக் கத்திவைத்தான்.

அதற்கப்புறம் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிஷினைப் பார்ப்பதும் கண்ணாடி அறையைப் பார்ப்பதுமாக இருந்தான். குருமூர்த்தி யாரிடமோ போனில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். நம்பினாரா, இல்லை, உள்ளுக்குள் சிரிக்கிறாரா? குட்டு உடைந்தால் இருக்கிற ஒரு வேலையும் அல்லவா போய்விடும்! டீ வாங்கினான், குடிக்க மறந்தான்.

பக்கத்து மிஷின் பிரசாத் வந்து தோளில் கைவைத்தான். "கவலப்படாதண்ணே. அண்ணிகிட்ட நான் பேசுறேன்."

"ஒண்ணும் வேணாம்டா. போறவ போவட்டும்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான் பூமாலை. சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

சாயங்காலம் குருமூர்த்தி எல்லோரையும் கேட் பக்கம் கூப்பிட்டார். பூமாலை முண்டியடித்து முன்னால் போய் நின்றான்.

"இங்க பாதிப் பேரு புருசன் பொண்டாட்டிங்க. அதுல ஜோடிக்கு ஒருத்தரை அனுப்பிட்டா மிஷினை நானா வந்து ஓட்டுறதுன்னு சென்னை ஹெட் ஆபீசுக்குப் பேசிட்டேன். அந்தச் சட்டத்தை எடுத்துட்டாங்க. யாருக்கும் வேலை போவாது. எல்லாரும் அரியலூருக்கு வந்துடுங்க."

களமே கைதட்டியது. பூமாலைக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு வெற்றிச்செல்வியைத் தேடி ஓடினான்.

அவள் ரோட்டுக்கு அந்தப்பக்கம் பஸ் ஸ்டாப்பில், பையும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன புள்ளே, காதுல விழுவலையா? சட்டமே இல்லேன்னுட்டாங்க! இன்னும் எதுக்கு நாடகம்? வா, வூட்டுக்குப் போவோம்."

அரியலூர் வழியாக விக்கிரமங்கலம் போகிற பஸ் வந்து நின்றது. அவள் பையை உள்ளே தள்ளிவிட்டுப் படியில் ஏறினாள். ஏறிய பிறகுதான் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் காலையில் இருந்த கோபம்கூட இல்லை.

"ஒனக்குத்தான்யா அது நாடகம்."